மடங்காத காதுக்கம்பி

ரோசேர் உவெலெட் தன் அக்கா வீட்டு வாசலில் மண்டியிட்டு, மாவுச் சல்லடையால் பனியைச் சலித்துக்கொண்டிருந்தார். சாலையோடு போன எண்ணெய் லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் இறங்கியது.

"என்ன ரோசேர், பனியையும் தரம் பிரிச்சு விக்க ஆரம்பிச்சாச்சா? முதல் ரகம் என்ன விலை?"

ரோசேர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அது யார் வீடு என்பதும் முந்தாநாள் அங்கே என்ன நடந்தது என்பதும் லாரிக்காரனுக்கே நினைவு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினான். ஏதோ முணுமுணுத்தான். ஜன்னலை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

முந்தாநாள் காலையில் அக்கா கணவர் கிளோவிஸ் சீர், நீளக் கழியை வைத்துக் கூரைப் பனியை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் வழியாக அக்கா கொரின் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கழி மட்டும் கூரையில் தொங்கியது, ஆளைக் காணோம். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது ஓடவேண்டிய அவசரம் எதுவும் மிச்சமில்லை. விழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்துவிட்டது. அதன்மேல் யார் யார் பூட்ஸோ நடந்தன. அதற்கும் மேல் ராத்திரி முழுக்கப் பனி பெய்தது.

ஊரில் சாவுக் காரியம் பார்க்கிற திபோ வந்து, உடலுக்கு அணிவிக்கக் கோட்டு சூட்டு, டை, ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி என்று கேட்டபோதுதான் கொரினுக்கு அந்த ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் யாராவது இறந்தால் திபோ முன்வாசல் வழியாக வருவார், பழைய சாமான் வியாபாரி ரோசேர் பின்வாசல் வழியாக வருவார் என்பது பழைய கிண்டல். ஒருவர் ஆளை எடுத்துப் போவார், இன்னொருவர் சாமானை. நெடுஞ்சாலை ஓரம் ரோசேரின் பழைய கொட்டகை நிறைய அப்படி வந்த மேசைகளும் விளக்குகளும் சிலுவைகளும் கிடந்தன. இந்த வீட்டில் மட்டும் இப்படி மண்டியிட வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

சல்லடையில் முதலில் கிடைத்தது ஒரு காதுக்கம்பி. கொஞ்ச நேரம் கழித்து மற்றது: இரண்டு தடித்த லென்ஸும் வலது கம்பியுமாக, தங்கநிற ஃபிரேம். இடது கம்பி, கீலோடு சேர்ந்து ஃபிரேமிலிருந்து பிய்ந்து போயிருந்தது.

உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல அவர் போட்டிருந்த கண்ணாடியில் ஆவி படிந்து உலகம் வெள்ளையாகிவிட்டது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் வாசல் தாண்டியதும் ஒரு நிமிஷம் குருடர்கள். ரோசேர் அப்படியே நின்றார். யாரோ அவர் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்தார்கள். ஸ்வெட்டர் விளிம்பில் துடைத்தார்கள். திரும்ப மாட்டிவிட வந்த கை பாதியில் நின்றது.

எதிரே கொரின். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"நீயே போட்டுக்கோ," என்று கண்ணாடியை அவர் கையில் திணித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோசேர் உடைந்த இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தார். கொரினின் மகள் கிசேல் கனெக்டிகட்டிலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். துண்டுகளைப் பார்த்தாள்.

"விடுங்க மாமா. அப்பா தூங்கற மாதிரி இருக்கட்டும். தூங்கறப்போ யாராவது கண்ணாடி போட்டுப்பாங்களா?"

"உங்க அப்பா போட்டுப்பாரு," என்றாள் கொரின் திரும்பாமலே. "தினமும் அந்த நாற்காலியிலதான் தூங்குவாரு, டி.வி.ல ஹாக்கி ஓடிக்கிட்டிருக்கும். எழுப்பினா 'தூங்கலடி, கண்ணை மூடிக்கிட்டு ஆட்டத்தைக் கேக்கறேன்'ம்பாரு. நான்தான் கழட்டி, மடிச்சு, ரேடியோ மேல வைப்பேன். அவரா ஒருநாள் மடிச்சதில்லை. மடிச்சு வெச்சா நாளு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமாம். விரிச்சே வெச்சிருந்தா இன்னும் ஏதோ பாக்கி இருக்காம். நான் ரெண்டு தடவை அது மேலயே உக்காந்திருக்கேன்."

"சரிம்மா. ஆனா நாளைக்கு மத்தியானம் அப்பாவைப் பார்க்க ஊரே வரப்போகுது. கண்ணாடி இல்லாட்டி என்ன இப்போ? அப்பா மூஞ்சி அப்பா மூஞ்சிதானே?"

கொரின் கரண்டியை வைத்தாள்.

"நீ பார்த்திருக்கியா அந்த மூஞ்சியை?"

"எந்த மூஞ்சியை?"

"கண்ணாடி இல்லாத மூஞ்சியை."

கிசேல் யோசித்துப் பார்த்தாள். ஆற்றில் நீச்சல் கற்றுத் தந்தபோதும் அப்பா கண்ணாடியை ஒரு கயிற்றால் தலையோடு கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினார்.

"நான் மட்டும்தான் பார்த்திருக்கேன்," என்றாள் கொரின். "வெளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம். அது எனக்குன்னு இருக்கிற மூஞ்சி. ஊரு பூரா வரிசையில நின்னு அதைப் பார்த்துட்டு, அப்புறம் போய் ஹாம் சாண்ட்விச் தின்னறதுல எனக்கு இஷ்டமில்லை."

ரோசேர் தொலைபேசியை எடுத்தார்.

கண்ணாடிக் கடை ஒரு மணி நேர ஓட்டத்தில் இருந்தது. எடுத்த பெண்ணின் குரல் சின்ன வயசாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. உடைந்ததை ஒட்டுவதில்லை, வெளியூர் பட்டறைக்கு அனுப்புவோம், பத்து வேலை நாள் ஆகும் என்றாள்.

"பத்து நாள் அவன் காத்திருக்க மாட்டானே தாயி. நாளைக்கு ரெண்டு மணிக்கு வேணும்."

"அப்போ புது ஃபிரேம் பார்க்கலாம் சார். உங்களுக்கா?"

"என் மச்சானுக்கு."

"அவருக்குக் கடைசியா எப்போ கண் பரிசோதனை பண்ணினாங்க?"

ரோசேர் எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கும் மனிதர். "இனிமே அவனுக்குப் பார்வை பிரமாதமா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வியாபாரி புத்தி முதலில் குறுக்கு வழிக்குத்தான் போகும். கொட்டகையில் ஒரு ஷூ டப்பா நிறையப் பழைய கண்ணாடிகள் இருந்தன. கிளோவிஸின் இந்த ஃபிரேமே அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான். "பழைய காலத்துச் சரக்கு மச்சான், இப்போ இப்படிச் செய்யறதில்லை" என்று ரோசேர் சொல்ல, "இப்போ யாரும் வாங்கறதில்லைன்னு சொல்லு மச்சான்" என்று கிளோவிஸ் சொல்ல, ஒரு மாலை முழுக்கப் பேரம் நடந்து, கடைசியில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்குக்கு முடிந்தது. கிழங்கு பாதி அழுகல். இரண்டு பேருமே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

அதே டப்பாவில் கிட்டத்தட்ட அதே அச்சில் இன்னொரு தங்க ஃபிரேம் இருந்தது. ரோசேர் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்து, அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினார்.

கொரின் தொடக்கூட இல்லை. "யாரோடது இது?"

"கிளோவிஸோடதுதான். சரி பண்ணிட்டேன்."

"ரோசேர்."

"என்ன?"

"என்னை என்ன கோடை காலத்துல உன் கடையில ஏமாற வர்ற டூரிஸ்ட்னு நெனச்சியா?"

"கொரின், அவன் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கான். யாருக்குத் தெரியப்போகுது வித்தியாசம்?"

"எனக்குத் தெரியும். அதை எடுத்துட்டுப் போ. அவரோடதைக் கொண்டா, இல்லேன்னா சவப்பெட்டியை மூடியே வைக்கச் சொல்லு."

மூடிய பெட்டி என்றால் ஊர் என்ன நினைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். முகம் காட்ட முடியாத சாவுக்குத்தான் எங்கள் பக்கம் பெட்டியை மூடி வைப்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கிழங்கு பயிரிட்டு, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், சனிக்கிழமைகளில் சீட்டாட்டத்தில் கள்ளம் பண்ணிய ஒரு மனிதனுக்கு அது நியாயமில்லை.

உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு ரோசேர் கொட்டகைக்குப் போனார்.

விறகு அடுப்பை மூட்டினார். பழைய மேசை விளக்குகளுக்கு வயர் மாற்ற ஒரு சால்டரிங் கோல் வைத்திருந்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த பற்றவைப்பு வித்தை முழுவதும். கோலைச் சூடேற்றி, ஈயக்கம்பியை முனையில் வைத்தார். ஈயம் உருகியது, உருண்டையாகத் திரண்டது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஃபிரேமில் ஒட்டாமல் ஓடி மேசையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி ஓடியது.

"இப்பவும் பேரம் பேசறியாடா?" என்றார் ஃபிரேமைப் பார்த்து.

மேலே பூசியிருந்த தங்க முலாம்தான் ஈயத்தைச் சேர்க்கவில்லை என்று புரிய நேரமானது. சின்ன அரத்தால் உடைந்த இடத்தை இரண்டு பக்கமும் தேய்த்தார். தங்கத்துக்குக் கீழே வெள்ளை உலோகம் தெரிந்தது. தண்ணீர்க் குழாயில் ஈயம் பிடிக்கப் பூசும் பசை டப்பாவைத் தேடி எடுத்து, பல் குத்தும் குச்சியால் தடவினார். லென்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்ற அறிவு இருந்தது. இரண்டு லென்ஸையும் எடுத்து ஒரு சாக்ஸுக்குள் போட்டார். மூக்கில் உட்காரும் ரப்பர் பொட்டுகளைப் பிடுங்கினார். காதுக்கம்பியைக் கீலிலிருந்து கழற்றத்தான் பார்த்தார்; அந்தக் குட்டி திருகாணி துருப்பிடித்து, தலை வழுவழுவென்று தேய்ந்து, எந்தத் திருப்புளிக்கும் பிடிகொடுக்கவில்லை. கிடக்கட்டும், கீலோடு கம்பியும் சேர்ந்தே இருக்கட்டும், ஒட்டினால் போதும் என்று விட்டுவிட்டார்.

கோலின் சூடு போதவில்லை. ஒரு பக்கம் சூடேறுவதற்குள் மறுபக்கம் குளிர்ந்தது. க்ரீம் ப்ரூலே இனிப்பு செய்கிறவர்கள் சர்க்கரையைக் கருக்கும் சின்ன கேஸ் டார்ச் ஒன்று, எவளோ ஒரு புண்ணியவதியின் சமையலறையிலிருந்து வந்தது, விற்காமல் கிடந்தது. அதை எடுத்தார். ஆனால் இரண்டு துண்டையும் நேராகப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். அந்தக் கை கிளோவிஸுடையது. விளக்கு ரிப்பேர் என்றாலும் நாற்காலிக்கு ஆணி என்றாலும் எதிரே நின்று பிடித்துக்கொண்டு, "என் விரலையும் சேர்த்து ஒட்டிடாதே மச்சான், சீட்டு பிரிக்க வேணும்" என்று சொல்லுகிற கை.

ரோசேர் ஒரு உருளைக்கிழங்கை எடுத்தார். பாதியாக வெட்டினார். ஒரு பாதியில் ஃபிரேமின் விளிம்பைச் செருகினார், இன்னொரு பாதியில் காதுக்கம்பியைச் செருகினார், இரண்டையும் நெருக்கி வைத்தார். ஈரக் கிழங்கு இரும்புப் பிடி மாதிரி பிடித்துக்கொண்டது. டார்ச்சின் நீல நாக்கைக் காட்டினார். பசை சீறியது. கிழங்கு வேகிற வாசனை எழுந்தது. ஈயம் ஒரு நொடி தயங்கி, பிறகு சட்டென்று வெள்ளியாகப் பரவி, மூட்டுக்குள் ஓடி மறைந்தது.

அவர் மூச்சை விட்டார். ஆற வைத்தார். மெல்ல இழுத்துப் பார்த்தார், பிய்யவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். நின்றது. தேய்த்து மட்டம் பண்ணி, படச்சட்டத்துக்குப் பூசுகிற தங்கப் பொடியை வார்னிஷில் குழைத்துத் தடவினார். லென்ஸையும் ரப்பர் பொட்டுகளையும் பொருத்தினார். இடது கீல் ஓரத்தில் பயறு அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது, அவ்வளவுதான். அசல் கிளோவிஸ்.

"மச்சான், பார்த்தியா!" என்று எதிரே நிமிர்ந்தார். எதிரே விலை ஒட்டிய ஒரு மர அலமாரி இருந்தது.

பிறகுதான் மடித்துப் பார்த்தார். வலது கம்பி 'டிக்' என்று மடங்கியது. இடது கம்பி அசையவில்லை.

ஈயம் மூட்டோடு நிற்காமல் கீலின் பற்களுக்குள்ளும் புகுந்து கட்டியாகிவிட்டிருந்தது. கீலில் பென்சில் கரியைத் தேய்த்திருந்தால் ஈயம் உள்ளே போயிருக்காது. அவருக்கு அது தெரியும். எப்போதோ ஒரு கடிகாரக்காரன் சொன்னது. இப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பச் சூடு காட்டினால் கீல் விடுபடுமோ என்னவோ, மூட்டு நிச்சயம் விட்டுவிடும். கிழங்கும் வெந்து குழைந்துவிட்டது.

ரோசேர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இறந்தவன் எழுந்து கண்ணாடியை மடிக்கப் போவதில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் எந்த வியாபாரிக்கும் கிடைக்கமாட்டான், சரக்கைத் திருப்பிக் கொண்டுவரவே மாட்டான் என்று ஒரு வார்த்தை அவர் மனதில் தானாக வந்தது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதற்கு இருந்த ஆள்தான் திபோவின் அறையில் படுத்திருந்தார். ஆனால் மடிக்கிறது அவனில்லை, கொரின். காலையில் அவள் சொன்னது காதில் இருந்தது: நான்தான் கழட்டி, மடிச்சு.

அவருடைய அப்பா, அவரும் பழைய சாமான் வியாபாரிதான், ஒரு சட்டம் வைத்திருந்தார். கேட்டால் ஒளிக்காதே, கேட்காவிட்டால் சொல்லாதே. கேட்காத குறையைச் சொல்கிறவன் கடையை மூடிவிட்டு மடத்தில் போய்ச் சேரட்டும். அந்தச் சட்டத்தில்தான் ரோசேர் இத்தனை காலம் பிழைத்தார். முட்டை அட்டை ஒன்றில் துணி விரித்து, கண்ணாடியை விரித்தபடியே வைத்தார். அக்காவிடம் ஜன்னல் வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே காட்டினார்.

"இதுதான்," என்றாள் கொரின். அவள் கை நீட்டுவதற்குள், "பெயின்ட் காயலை, தொடாதே. நானே திபோகிட்ட கொடுத்துடறேன்," என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திபோ தொழில்காரர். வாங்கிய உடனே மடித்துப் பார்த்தார்.

"மடங்கலையே இது."

"மடங்கி என்ன ஆகணும்? அவன் எங்கே போகப்போறான்?"

"எந்தப் பக்கம்? இடது. நல்லது. வர்றவங்களுக்கு வலது பக்கம்தான் தெரியும்." திபோ கண்ணாடியை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினார். "கொரினுக்குத் தெரியுமா?"

"கேட்டா சொல்வேன்."

திபோ அவரை ஒரு பார்வை பார்த்தார், தலையை ஆட்டினார். அவரும் கேட்காததைச் சொல்லாத தொழிலில் இருப்பவர்தான்.

மறுநாள் மத்தியானம் ஊரே வந்தது. பூட்ஸ் பனியை வாசலில் உதறி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். கிளோவிஸ் தன் ஒரே நல்ல கோட்டில், விரல்களில் ஜெபமாலை சுற்றி, கண்ணாடி மாட்டிப் படுத்திருந்தார். ரோசேர் பெட்டியின் கால்மாட்டிலேயே நின்றார். யாராவது குனிந்து முத்தமிடப் போனால், அந்த ஈயம் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"அப்படியே இருக்கான் பாவி," என்றார் சனிக்கிழமைச் சீட்டுக் கூட்டாளி ஒருவர். "என் கையில என்ன இருக்குன்னு பார்க்கிற மூஞ்சி."

"பார்த்துட்டும் இருப்பான். கண்ணாடி போட்டிருக்கான்ல," என்றார் இன்னொருவர்.

"உன் சீட்டையெல்லாம் பார்க்கிறதுக்குக் கண்ணாடி எதுக்கு? உன் மூஞ்சியைப் பார்த்தாப் போதும்."

சிரித்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சிந்தினார்கள். கொரின் முதல் வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரும் வந்து, "நல்லா இருக்காரு, அசல் கிளோவிஸ்" என்று சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டினாள். ஒரு தடவை அவள் கண் கூட்டத்தைத் தாண்டி வந்து தம்பியைத் தொட்டுவிட்டுப் போனது. அந்த நன்றியை ரோசேரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கள்ள எடை போட்டவன் மாதிரி தரையைப் பார்த்தார்.

கண்ணாடியைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவாள் என்றுதான் நம்பினார். பெரும்பாலும் அப்படித்தான். மோதிரத்தைக் கழற்றுவார்கள், கண்ணாடியை யாரும் கழற்றுவதில்லை. விற்றாலும் விலை போகாது என்பது ரோசேரைவிட யாருக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை, கோவிலுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டு ஆட்கள் மட்டும் நின்றார்கள். திபோ குரலைத் தாழ்த்தினார்.

"கொரின், ஜெபமாலை உள்ளேயா, உங்ககிட்டயா?"

"உள்ளேயே இருக்கட்டும்."

"கண்ணாடி? இப்பவே சொல்லிடுங்க. அடக்கம் மே மாசம், மண்ணு இளகினப்புறம்தான். அதுவரைக்கும் பெட்டி கல்லறை மண்டபத்துல இருக்கும். ஆனா ஒருதடவை மூடினா நாங்க திரும்பத் திறக்க மாட்டோம்."

கொரின் பதில் சொல்லாமல் பெட்டியருகே போனாள். அவள் இரண்டு கையாலும் காதுகளிலிருந்து கம்பிகளை விடுவித்தாள். தூங்குகிறவர் விழித்துவிடாதபடி கழற்றுகிற கை அது. நாற்பது ஐம்பது வருஷப் பழக்கம்.

ரோசேர் சட்டென்று பூவளையங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகம் அவருக்கானதில்லை. திபோவும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். கிசேலும் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும், ஏனென்றால் கொரின், "இங்க வா. நீ பாரு," என்று சொல்வது கேட்டது.

காலடிச் சத்தம்.

"மூக்குல பள்ளம் விழுந்திருக்கும்மா," என்றாள் கிசேல். குரல் சிறு பெண்ணுடையது மாதிரி இருந்தது.

"அது எப்பவும் இருக்கும். அங்கதான் நான் விரலை வெச்சுத் தடவி விடுவேன்."

அப்புறம் ஒரு 'டிக்'. வலது கம்பி. ரோசேர் பூக்களைப் பார்த்தபடி இன்னொரு 'டிக்'குக்காகக் காத்திருந்தார். அது வராது என்று உலகத்தில் அவருக்கும் திபோவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் காத்திருந்தார்.

"ரோசேர்."

"ம்."

"இது மடங்கலை."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஒட்டினதுலேர்ந்து." அவர் இன்னும் திரும்பவில்லை. "ஈயம் கீலுக்குள்ள போயிடுச்சு. திருகாணியைக் கழட்ட முடியலை. நீ உள்ளேயே விட்டுடுவேன்னு நெனச்சேன் கொரின்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பே."

"ஆமா."

"அப்பாவோட புள்ளை." அதில் கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. "கீழே போட்ட கோட்டை எடு" என்று அவரைச் சின்ன வயதில் அதட்டுவாளே, அந்தக் குரல்.

"பூசை முடிஞ்சதும் கொடு. திரும்பச் சூடு காட்டி, கீலை விடுவிச்சு..."

"தொடாதே."

அவர் திரும்பினார். கொரின் முதுகு காட்டி நின்றாள். ஒரு கம்பி மடங்கி, ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியைப் பெட்டிக்குள் இருந்தவரிடமே காட்டுகிறவள் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா," என்றாள், தம்பியிடம் இல்லை. "போயும் மடிக்க விட மாட்டேங்கறே நீ."

பிறகு திபோவிடம், "மூடிடுங்க," என்றாள்.

பூசை நடந்தது. கல்லறை மண்டபத்தின் இரும்புக் கதவு பனியில் சிக்கி, இரண்டு பேர் மண்வெட்டியால் வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. கோவில் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் கோழிச் சாறும் மரக்கோதுமைத் தோசை மாதிரியான எங்கள் ப்ளோயும் இருந்தன. கொரின் எல்லோரிடமும் பேசினாள். இடது கையால் மட்டும் சாப்பிட்டாள். வலது கையில் கண்ணாடி இருந்தது. கைப்பையில் வைக்க முடியவில்லை, கம்பி இடித்தது. கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் போகவில்லை. யாரோ ஒரு பெண் "கொடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்று கேட்டதற்கு, "இல்லை, பரவாயில்லை" என்றாள்.

திரும்பும்போது ரோசேர்தான் வண்டி ஓட்டினார். வண்டியின் ஹீட்டர் போன வருஷமே போய்விட்டது. விற்கும்போது சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த குறை. கொரின் கண்ணாடியை மடிமேல் இரண்டு கையுறைக்கும் நடுவே வைத்திருந்தாள். கிசேல் பின்னால் தன் வண்டியில் வந்தாள். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. ரோசேரின் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. கழற்றித் தானே சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கொரின் கோட்டோடு வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அவள் கையில் இருந்த கண்ணாடியின் இரண்டு லென்ஸிலும் ஆவி படிந்திருந்தது. யாரோ இப்போதுதான் வெளியே இருந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது போல.

அவள் கை ஸ்வெட்டர் விளிம்பைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. துடைக்கவில்லை. ஆவி ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல விலகுவதை, நடுவில் கடைசியாக ஒரு பொட்டு அளவு நின்று அதுவும் போவதை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசேரும் அசையவில்லை. வாசலில் கிசேலின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கொரின் நாற்காலிப் பக்கம் போய்க் கண்ணாடியை ரேடியோ மேல் வைத்தாள். ஒரு கம்பி மட்டும் மடங்கியிருந்தது. அதையும் விரித்து வைத்துவிட்டு, கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.